புதுவை, கடலூருக்கு நாமே ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்தால் யார் நடத்துவது, எத்தனை நாளைக்கு?

ஒதியஞ்சாலை:
நம் பகுதிச் செய்திகளுக்காக ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில் பல வருடமாக ஓடிய குழு உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பழைய அட்மின் வெளிநாடு போனார், குழு கைமாறியது. இப்போது உள்ளே போனால் மனை விளம்பரமும் கடன் விளம்பரமும்தான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று நம் பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 46 செ.மீ. மழை. அன்று எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், எங்கே படகு வந்திருக்கிறது, யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது என்று மக்கள் போட்ட பதிவுகள் ஒன்றுகூட இப்போது தேடினால் கிடைப்பதில்லை. அடுத்த புயலுக்கு அதுதான் நம்முடைய வெள்ள வரைபடமாக இருந்திருக்கும்.

அதனால் கேட்கிறேன், நாமே ஒரு மாஸ்டடான் சர்வர் வைத்தால் என்ன? புதியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஸ்டடான் 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ராக்கோ என்பவர் தொடங்கிய, ட்விட்டர் போலப் பதிவு போடுவதற்கான கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். நம் சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் பெர்லினில் வேறொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். விளம்பரம் கிடையாது. பதிவுகள் நேர வரிசையில் வரும், அணை திறந்த செய்தி மூன்று நாள் கழித்து மேலே வந்து பீதி கிளப்பாது.

மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் சர்வர் செலவு முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

நெல்லிக்குப்பம்_ரயிலடி:
வாட்ஸ்அப்பை விட்டு என் மாமியாரை அங்கே கூட்டி வந்து காட்டுங்கள் அண்ணே, அப்புறம் பேசலாம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019 நவம்பரில் ட்விட்டர் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை முடக்கியபோது இந்தியாவிலிருந்து கூட்டமாக மாஸ்டடானுக்குப் போனார்கள். நானும் போனேன். கொஞ்ச நாள் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம், அப்புறம் அவரவர் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். 2022 அக்டோபரில் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் மறுபடி ஒரு அலை. மாதம் 3 லட்சம் பேர் பயன்படுத்திய மாஸ்டடான் ஒரே மாதத்தில் 25 லட்சத்துக்குப் போனதாக ராக்கோவே எழுதினார். பிறகு அது 10 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கோபத்தில் வருகிறவர்கள் கோபம் ஆறியதும் போய்விடுவார்கள்.

ட்விட்டருக்குப் போட்டியாகக் கூ என்று ஒரு இந்திய ஆப் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதலீட்டாளர் பணம், அமைச்சர்கள், நடிகர்கள் எல்லோரும் இருந்தார்கள். 2024 ஜூலையில் கடையைக் கட்டிவிட்டார்கள். அவர்களாலேயே முடியாததை நாம் சந்தா வசூலித்துச் செய்யப் போகிறோமா?

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
ரயிலடி தோழர், கூவை இதோடு ஒப்பிட வேண்டாம். கூவுக்குக் கோடிக்கணக்கில் ஆட்கள் தேவை, இல்லையென்றால் முதலீட்டாளர் விட மாட்டார். நமக்கு 200 பேர் வந்தால் போதும். 200 பேருடைய சர்வர் 200 பேராகவே இருந்தால் யாரும் நம்மைக் கேள்வி கேட்கப் போவதில்லை. இதன் கவர்ச்சியே அதுதான்.

செலவுக் கணக்கில் மட்டும் ஒதியஞ்சாலை சொல்வது பாதி உண்மை. 200 பேருக்குச் சின்ன சர்வர் தாங்கும். ஆனால் நம் ஆட்கள் பின்தொடரும் வெளியூர்க் கணக்குகளின் படம், வீடியோ எல்லாம் நம் சர்வரின் வட்டிலும் (ஹார்ட் டிஸ்க்) ஒரு நகலாக வந்து உட்காரும். ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றால் சில வாரத்தில் வட்டு நிரம்பி, ஒரு நாள் காலையில் எல்லாம் நிற்கும். துடைக்கக் கட்டளை இருக்கிறது, தானாக ஓடும்படி அமைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். பேக்கப் வேறொரு ஊரில் இருக்க வேண்டும். இன்னும் சிறியதாக வேண்டுமானால் கோடூசோஷியல் என்ற மென்பொருள் 1 ஜிபிக்கும் குறைவான நினைவகத்தில் ஓடும். ஆனால் அதில் இணையப் பக்கத்திலிருந்து பதிவு எழுத முடியாது, தனி ஆப் வேண்டும். புது ஆட்களுக்கு அது சிரமம்.

உண்மையான செலவு மனுஷர்தான். மூடிப்போன சர்வர்களைக் கவனித்துப் பாருங்கள், பணம் இல்லாமல் மூடியவை குறைவு. மாஸ்டடான்.லால் என்ற சர்வரில் சுமார் 12,000 பேர் இருந்தார்கள், நடத்தியவர் ஒருவர். 2023இல் ஒரு வீடியோ கேம் பற்றிய சண்டை அவர் தலைக்கு மேலே போனது. போதும் என்று மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சம்பளமில்லாமல் யார் எத்தனை நாள் திட்டு வாங்குவார்கள்?

எதிர்ப்பக்கம் ஹேக்கிடெர்ம். கிரிஸ் நோவா என்பவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்திருந்த சர்வர் அது. 2022 நவம்பரில் 700 பேரிலிருந்து 30,000 பேருக்குப் போனது. வீட்டு வட்டுகள் திணற ஆரம்பித்ததும் கூட்டாக வேலை செய்து வாடகை சர்வருக்கு மாற்றினார்கள், அந்தக் கதையை எல்லோரும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். அதோடு நிவென்லி என்ற அறக்கட்டளை ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். 2023 ஆகஸ்டில் நோவா மலையேற்ற விபத்தில் இறந்துபோனார். சர்வர் நிற்கவில்லை, இன்றும் ஓடுகிறது. கடவுச்சொல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்று. ஒதியஞ்சாலை அண்ணன் நாளைக்கு துபாய் வேலைக்குப் போனால் சாவி யாரிடம்?

ஒதியஞ்சாலை:
துபாய்க்கெல்லாம் போகவில்லை தம்பி. ஆனால் கேள்வி நியாயமானது.

பாகூர்_ஏரிக்கரை:
டொமைன் பெயரையும், அதாவது சர்வரின் இணைய முகவரியையும், மறக்க வேண்டாம். அழகாக இருக்கிறது என்று .ஏஎஃப் முடிவில் பெயர் வாங்கிய ஒரு சர்வர், 2024இல் ஆப்கானிஸ்தான் அரசு, அதாவது தாலிபான், டொமைனை முடக்கியதும் போயே போய்விட்டது. மாஸ்டடானில் வேறு சர்வருக்குக் குடிபோனால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், எழுதியது வராது. அதற்கும் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். டொமைன் போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும். சாதாரண .இன் வாங்குங்கள், பல வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள்.

வில்லியனூர்_பழையவர்:
பிள்ளைகள் எல்லோரும் ஜெர்மனி, அமெரிக்கா என்றே பேசுகிறீர்கள். இதே புதுவையில் இதற்கு முன்னாலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம், அங்கிருந்து ஊர்களுக்கு ரேடியோ அலை மூலம் தகவல் போகும். கரண்ட் நம்ப முடியாது என்பதால் சூரிய மின்சாரமும் வைத்தார்கள். ஊர் இடம் தர வேண்டும், நடத்த ஊரிலிருந்தே தன்னார்வலர்கள் வர வேண்டும், எல்லாச் சாதியினரும் உள்ளே வரும் இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கட்டுமரத்துக்காரர் அதைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவார்.

2004 டிசம்பர் 26 காலை. நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்ரா பக்கம் நிலநடுக்கம், அலை வருகிறது என்ற செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டார். ஊரில் இருந்தவர்கள் மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். 3,500க்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊர், உயிர்ச்சேதம் இல்லை.

அந்த ஒலிபெருக்கி ஆபத்துக்கென்று தனியாக வைத்தது இல்லை. தினமும் அலை உயரம், மீன் சங்கதி, அரசாங்க அறிவிப்பு என்று ஓடியது. அதனால்தான் அன்று அது பழுதாகாமல் இருந்தது, எந்த சுவிட்சைப் போட வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது, அந்தக் குரல் சொன்னால் ஜனங்கள் நம்பினார்கள். நீங்கள் புயலுக்காக மட்டும் சர்வர் வைத்தால் புயல் அன்று அது வேலை செய்யாது. மின்தடை, பஸ், சென்னைக் காசிமேட்டு மீன் விலை, கோயில் திருவிழா, காணாமல் போன நாய் எல்லாம் அதில் வர வேண்டும். மாசி மகத்துக்கு எந்தச் சாலையை அடைக்கிறார்கள் என்று நிச்சயம் வர வேண்டும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியிலிருந்து திட்டப் பணம் வருகிற வரை யார் கட்டுவது என்ற கேள்வியே எழாது. அந்தக் கேள்வியை முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.

நெல்லிக்குப்பம்_ரயிலடி:
ஐயா, இதைப் படித்த பிறகு என் வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனால் காசிமேட்டு விலை நமக்கு எதற்கு? கடலூர் முதுநகர் துறைமுக விலை போடுங்கள்.

பாகூர்_ஏரிக்கரை:
பணத்துக்கு வழி நம் கடற்கரையிலேயே இருக்கிறதே. மீனவ ஊர்களில் தலைக்கட்டு வரி வைக்கிறார்கள். திருவிழா, கோயில், ஊர்ப் பொதுச் செலவு, வழக்கு எல்லாம் அதிலிருந்துதான். வரி கொடுத்தவனுக்கு ஊர்க் கூட்டத்தில் பேச உரிமை, கணக்கை எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். இதையே சர்வருக்கும் வைப்போம். மாதம் 50 ரூபாய், முடியாதவருக்கு விலக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு சர்வரிலேயே எல்லோரும் பார்க்கும்படி. சோஷியல்.கூப் என்ற கூட்டுறவு சர்வர் 2017இலிருந்து ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. உறுப்பினர் சந்தா, உறுப்பினர் ஓட்டு. அவர்கள் தங்கள் பாணியில் செய்கிறார்கள், நாம் தேவனாம்பட்டினம் பாணியில் செய்யலாம்.

சோனாங்குப்பத்து_மகள்:
பாகூர் அண்ணா, தேவனாம்பட்டினம் பாணி என்று ஆசையாகச் சொல்கிறீர்கள். நான் அந்தக் கடற்கரையில் பிறந்தவள். தலைக்கட்டு என்றால் யார்? பல ஊர்களில் கல்யாணமான ஆண். ஊர்க் கூட்டத்தில் நாங்கள் உட்கார முடியாது. மீன் விற்று வீட்டுச் செலவைப் பார்ப்பது அம்மா, வரி அப்பா பெயரில். ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் தள்ளி வைப்பார்கள், அபராதம் போடுவார்கள், மேல்முறையீடு கிடையாது. கணக்கு வாசிப்பது நல்ல பழக்கம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் சர்வருக்குக் கொண்டு வராதீர்கள்.

நீங்கள் எல்லோரும் மட்டுறுத்தலை, அதாவது புகார் பார்த்துப் பதிவை நீக்கும் வேலையை, பணம், நேரம் என்று பேசுகிறீர்கள். எனக்குப் பயம் வேறு. பெரிய தளத்தில் ஒருவன் என் படத்தை எடுத்து அசிங்கமாகப் போட்டால் நான் புகார் கொடுக்கிறேன், எங்கேயோ இருக்கிற யாரோ பார்க்கிறார். பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்த யாரோவுக்கு என்னைத் தெரியாது. நம் சர்வரில் மாடரேட்டர் அந்தப் பையனுடைய சித்தப்பாவாக இருப்பார். புகார் கொடுத்த அன்று மாலையே எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிடும். 'பாப்பா, பெரிசு பண்ணாதே' என்று சமரசம் பேச ஆள் அனுப்புவார்கள். ஊரார் நடத்துவது என்பதன் அழகை எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், இது அதன் இன்னொரு முகம்.

இன்னொன்று. மாஸ்டடானில் தனிச் செய்தி என்று நாம் அனுப்புவது பூட்டப்பட்டது இல்லை, அட்மின் நினைத்தால் தரவுத்தளத்தில் படிக்கலாம். பெரிய நிறுவனம் என் செய்தியைப் படித்தால் செருப்பு விளம்பரம் காட்டும். ஊர்க்காரர் படித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
அக்கா சொன்னதற்குப் பதில் தேடாமல் சர்வர் தொடங்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

தனிச் செய்தி விஷயம் முழு உண்மை. 2023இல் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில் வேறொரு வழக்குக்காக எஃப்பிஐ சோதனை போட்டது. அவர் ஏதோ பழுது பார்க்கப் பூட்டாத பேக்கப் ஒன்றை அப்போது வைத்திருந்தார். உறுப்பினர்களின் மின்னஞ்சல், செய்தி எல்லாம் அதோடு போனது. ஆகவே சேரும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்: ரகசியம் பேச இது இடமில்லை, சிக்னல் ஆப்புக்குப் போங்கள்.

சித்தப்பா பிரச்சினைக்கு எனக்குத் தோன்றுவது இது. புகார்களைப் பார்க்கும் ஐந்து பேரில் இரண்டு பேர் நம் ஊர்க்காரர்களாக இருக்கவே கூடாது. விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழ் தெரிந்த, நம் தெருவைத் தெரியாத ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். கேட்டுப் பார்க்கலாம். படம், மிரட்டல், சாதி சம்பந்தப்பட்ட புகாரை முதலில் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஐந்தில் பெண்கள் குறைந்தது மூன்று பேர். பதிலுக்கு அவர்கள் ஊர்ச் சண்டையை நாம் பார்த்துக் கொடுப்போம்.

சோனாங்குப்பத்து_மகள்:
இது நடக்கும் என்றால் நான் வருகிறேன். புகார் கொடுத்தவர் பெயரை உள்ளூர் மாடரேட்டர் பார்க்க முடியாதபடி செய்ய முடியுமா?

லாஸ்பேட்டை_லினக்ஸ்:
அப்படியே முடியாது அக்கா. மாஸ்டடானில் புகார் பார்க்கும் அனுமதி உள்ளவர் எல்லாப் புகாரையும் பார்ப்பார். ஆனால் அனுமதிகளைப் பிரித்துக் கொடுக்கலாம். உள்ளூர் ஆட்களுக்குப் புகார்ப் பெட்டியே திறக்காமல், புது உறுப்பினரைச் சேர்க்கும் வேலையை மட்டும் கொடுக்கலாம். அட்மின் வேலையை வெளியூர்க்காரர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டால் இன்னும் நல்லது.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
நீண்ட நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், சட்டம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் 50 லட்சம் உறுப்பினருக்கு மேல் உள்ள தளங்களுக்குத்தான் கடுமையான கூடுதல் நிபந்தனைகள். நாம் அதில் வர மாட்டோம். ஆனால் குறைதீர் அலுவலர் ஒருவர் பெயரும் தொடர்பு முகவரியும் தளத்தில் போட வேண்டும் என்பது சின்னத் தளத்துக்கும் உண்டு. சட்டப்படி வரும் நீக்க உத்தரவுக்குக் குறித்த நேரத்துக்குள் இணங்க வேண்டும். இதையெல்லாம் செய்தால்தான் மற்றவர் எழுதியதற்கு நாம் பொறுப்பில்லை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு நமக்குக் கிடைக்கும்.

அப்புறம், லாஸ்பேட்டைத் தம்பி வெளியூர்ப் படங்களின் நகல் நம் வட்டில் வந்து உட்காரும் என்றார் அல்லவா? அதைத் தொழில்நுட்பப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெரிய மாஸ்டடான் சர்வர்கள் 25ஐ இரண்டு நாள் பார்த்தார்கள். ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட குழந்தை ஆபாசப் படங்கள் 112 முறை தட்டுப்பட்டன. அப்படி ஒன்று நம் வட்டில் இருந்தால் போக்சோவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் குறுக்கே வரும். மோசமான சர்வர்களின் தடைப் பட்டியலை முதல் நாளே போட்ட பிறகு கதவைத் திறங்கள். அழைப்பு இருந்தால் மட்டும் சேரலாம் என்று வையுங்கள்.

தனி ஆள் பெயரில் எதுவும் வேண்டாம். டொமைன், வங்கிக் கணக்கு, சர்வர் ஒப்பந்தம் எல்லாம் ஒரு சங்கத்தின் பெயரில். மாஸ்டடானிலேயே பாருங்கள், ஜெர்மனியில் அவர்களுடைய நிறுவனத்தின் பொதுநல அந்தஸ்தை 2024இல் அரசு எடுத்துவிட்டது, ராக்கோ 2025 நவம்பரில் தலைமையிலிருந்து விலகி, பெயர் உரிமையை இலாப நோக்கற்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்தார். தொடங்கியவரே அப்படிச் செய்கிறார் என்றால் நமக்கு என்ன தயக்கம்?

சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். சிக்கல் என்னவென்றால் கடலூரில் பதிந்தால் 1975 தமிழ்நாடு சட்டம், புதுச்சேரியில் பதிந்தால் 1860 மத்தியச் சட்டம். ஊர் ஒன்றாகத்தான் இருக்கிறது, எல்லைதான் நடுவில் வளைந்து வளைந்து போகிறது. பதிவு அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும்.

நெல்லிக்குப்பம்_ரயிலடி:
கடலூர்தான். புதுவையில் வைத்தால் கூட்டம் முடிந்து பாதிப் பேர் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

ஒதியஞ்சாலை:
:) எனக்குப் புதுவைதான் வசதி. ஆனால் அலைய யார் தயாரோ அவர்கள் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பேசியதில் நான் எடுத்துக்கொண்டது: சாவி மூன்று பேரிடம், அதில் ஒருவர் வெளியூர். கதவு அழைப்புக்கு மட்டும். மாதம் 50 ரூபாய், கணக்கு வெளிப்படையாக. புகார்ப் பெட்டி அக்கா சொன்னபடி. ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் சேரும் வரை சர்வரே வாங்க மாட்டேன். மூட வேண்டி வந்தால் மூன்று மாதம் முன்னாலேயே அறிவிப்போம் என்பதை முதல் விதியாக எழுதிவிடுகிறேன், குடிபோகிறவர்களுக்கு நேரம் வேண்டும். தெரு வாரியான வெள்ளப் பதிவுகளைத் தனியாக ஒரு கோப்பாக வருடம் ஒருமுறை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைக்கலாம், எழுதியவர்கள் சம்மதித்தால்.

ஏழு பேரில் நான், லாஸ்பேட்டை, சோனாங்குப்பம், பாகூர். வக்கீல் சார், நீங்கள்?

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
என்னை உறுப்பினராகப் போடாதீர்கள், சங்கத்துக்கு ஆலோசகராக இருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் பின்னால் பேச்சு வரும்.

வில்லியனூர்_பழையவர்:
என் பெயரைப் போடுங்கள். கையெழுத்துக்கு வருகிறேன், கம்ப்யூட்டர் வேலை கேட்காதீர்கள். காலையில் மின்தடை அறிவிப்பைத் தட்டச்சு செய்து போடுவது என்னால் முடியும்.

நெல்லிக்குப்பம்_ரயிலடி:
பொருளாளர் வேலைக்கு ஆள் இல்லையென்றால் நான் பார்க்கிறேன். இது நிற்காது என்று நினைக்கிற ஆள் கையில் பணம் இருப்பது நல்லது, செலவு செய்ய மனசு வராது.

மஞ்சக்குப்பம்_வக்கீல்:
அப்போது ஆறு பேர். சங்கத்துக்கு ஒரு முகவரி வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரர் ஒப்புதல் கடிதம் கேட்பார்கள். யாருக்குச் சொந்த வீடு?

பாகூர்_ஏரிக்கரை:
எங்கள் வீடு சொந்தம்தான் சார், ஆனால் பத்திரம் அப்பா பெயரில். ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். போலீஸ் வருமா என்றுதான் முதலில் கேட்பார்.